முதலில் நல்ல தண்ணீர், பிறகு எண்ணெய்

(தீவகத்துச் சனசமூக நிலையமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கருவிகளுக்கும் எஞ்சின்களுக்கும் எந்த எண்ணெயைத் தெரிந்தெடுப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. கடைக்காரரிடம் இதைக் கேட்டால் ஒரு போத்தலை எடுத்துத் தருவார். நான் போத்தலுக்கு முன்னால் உப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இரும்பைத் தின்பது உப்பு. உப்பைக் கழுவாமல் போடும் எண்ணெய், என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும் வீண்தான். கழுவிக் காயவிட்ட பிறகு, எந்த வேலைக்கு எது என்று தெரிந்து போட்டால், மலிவான எண்ணெயே வருடக்கணக்கில் காக்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் கறள் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். இரும்போடு காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்தால் கறள். இது எல்லா ஊருக்கும் பொது. நம் ஊரில் மூன்றாவதாக உப்பும் சேர்கிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவின் தெற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் அலை உடைந்து தெறிக்கும் தூவானம் காற்றோடு ஊருக்குள் ஏறுகிறது. வாடைக்காற்று மறுபக்கத்தால் அதே வேலையைச் செய்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் கேற்றிலும் பிணைச்சலிலும் ஸ்பனரிலும் கண்ணுக்குத் தெரியாத படையாகத் தங்கும்.

அந்தப் படை சும்மா கிடப்பதில்லை. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் பொல்லாதது. ஈரப்பதன் 33 வீதமளவில் இருந்தாலே அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். நம் தீவுகளில் அவ்வளவு வறண்ட காற்று என்றைக்கு வீசியது? ஆகையால் மழை பெய்யாத ஆடி மாதத்திலும், கூரைக்குக் கீழே வைத்த கோடாலியின் மேலே மெல்லிய உவர்நீர்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. நாங்கள் அதன்மேல் எண்ணெயைப் பூசினால், எண்ணெய்க்குக் கீழே உப்பும் ஈரமும் பத்திரமாக அடைபட்டுப் போகின்றன. மேலே பளபளப்பு, உள்ளே கறள். "போன மாதம்தானே ஒயில் பூசினேன், பிறகும் ஏன் கறள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

எனவே முதல் மருந்து நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரின் அருமை தீவகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல கிணறுகள் உவர். உவர்க் கிணற்று நீரால் மண்வெட்டியைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாக முடியும். அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். மாரியில் கூரைத் தண்ணீரை ஒரு மூடிய பரலில் பிடித்துக் கருவிகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. ஒரு கருவிக்கு வாளிக்கணக்கில் ஊற்ற வேண்டியதில்லை. மழைநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துணியை அலசி மறுபடி ஒருதரம் துடைத்தால் உப்பில் பெரும்பங்கு போய்விடும். பிறகு நன்றாக உலர்த்துங்கள். வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் இரும்பு கைக்குச் சூடு தெரியும் அளவுக்கு வரும். எண்ணெய் பூச அதுதான் நல்ல வேளை. சூட்டில் எண்ணெய் இளகி, கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள்ளும் இறங்கும்.

கடலுக்குப் போகும் போட் எஞ்சினுக்கு இது இரட்டிப்பு உண்மை. கடல்நீரை உறிஞ்சித்தான் அந்த எஞ்சின் தன்னைக் குளிர்த்துக்கொள்கிறது. கரைக்கு வந்து நிறுத்தியதும் உள்ளே மிஞ்சிய கடல்நீர் சூட்டில் வற்றி, உப்பாகக் குழாய்களில் படிகிறது. தொழில் முடிந்து வந்ததும் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பரலிலுள்ள நன்னீருக்குள் அமிழ்த்தி, சில நிமிடங்கள் மெல்ல ஓடவிட்டால் உள்ளே உள்ள உப்புக் கரைந்து வெளியேறும். வெளிப்புறத்தில் பளபளக்க எண்ணெய் அடித்துவிட்டு உட்புறத்தைக் கழுவாமல் விடுவது, எஞ்சினுக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

அன்பர்களே, கழுவியாயிற்று, காய்ந்தாயிற்று. இனி எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய்க்கு மூன்று வேலைகள் உண்டு. இறுகியதை இளக்குவது ஒன்று. ஓடுவதைத் தேயாமல் ஓடவிடுவது இன்னொன்று. சும்மா இருப்பதைக் கறள் பிடிக்காமல் காப்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு குணங்களைக் கேட்கும் வேலைகள். இளக்கும் எண்ணெய் தண்ணீரைவிடச் சுலபமாக இடுக்குக்குள் ஓட வேண்டும். ஓட்டும் எண்ணெய் போட்ட இடத்தை விட்டு ஓடவே கூடாது. காக்கும் எண்ணெய் அசையாத படலமாக நிற்க வேண்டும். ஒரே போத்தலை மூன்றுக்கும் நம்புவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை.

இளக்குவதைப் பார்ப்போம். கறள் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஒரு பங்கு இரும்பு கறளானால், கறளின் தன்மையைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு பங்குவரை பருக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையிலுள்ள புரிகளில் இடைவெளி மிகச் சிறிது. அதற்குள் கறள் பருத்தால் ஆப்பு அடித்த கதைதான். அந்த இடைவெளிக்குள் தானாக ஏறக்கூடிய, பாகுத்தன்மை குறைந்த திரவம் வேண்டும். 40 பாகை வெப்பத்தில் பாகுத்தன்மையை அளக்கும் அலகில் மண்ணெண்ணெய் ஏறக்குறைய ஒன்றரை. எஸ்.ஏ.இ. 30 எஞ்சின் ஒயில் 100ஐ ஒட்டி வரும். எஞ்சின் ஒயிலை மட்டும் ஊற்றிவிட்டு இறுகிய நட் இளகும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதற்கு இந்த இரண்டு இலக்கங்களே போதும்.

மண்ணெண்ணெய் நன்றாக ஊடுருவும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடும், பின்னால் படலம் எதையும் விட்டுச் செல்லாது. ஆகவே மண்ணெண்ணெயில் கொஞ்சம் கியர் எண்ணெயையோ மெல்லிய எஞ்சின் ஒயிலையோ கலப்பது நம் கராஜ்களின் பழைய வழக்கம். அது நல்ல வழக்கம். மண்ணெண்ணெய் உள்ளே கொண்டுபோகிறது, ஒயில் அங்கே தங்குகிறது. கடைகளில் டின்னில் வரும் ஊடுருவும் எண்ணெய்களும் பெரும்பாலும் இதே தத்துவத்தில்தான் செய்யப்படுகின்றன: ஆவியாகும் கரைப்பான் ஒரு பங்கு, மெல்லிய எண்ணெய் ஒரு பங்கு, கறளைத் தடுக்கும் சேர்மானம் சிறிது.

நீல மஞ்சள் டின்னில் வரும் டபிள்யூ.டி.-40ஐப் பற்றிக் கேட்பீர்கள். அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டில் நீர் தங்கிக் கறள் பிடிக்காமல் இருக்க, நீரை விலக்கும் திரவம் ஒன்று தேவைப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் பெயரில் 40 வந்தது. 1958இலிருந்து தெளிப்பான் டின்களில் விற்பனைக்கு வந்தது. இதன் பிறப்பே இதன் பயனைச் சொல்கிறது. நனைந்த பிளக்கிலும் நனைந்த கருவியிலும் நீரை விலக்க இது சிறந்தது. இலேசான கறளை இளக்கவும் உதவும். ஆனால் கரைப்பான் ஆவியானபின் மிஞ்சுவது மிக மெல்லிய படலம். அதை நம்பிச் சைக்கிள் செயினையும் கப்பியையும் மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. இதில் எண்ணெயின் குற்றம் எதுவுமில்லை. அதற்கு உரிய வேலையை நாம் கொடுக்கவில்லை.

இன்னொரு கலவையும் உலகெங்கும் பேசப்படுகிறது. தானியங்கிக் கியர் ஒயிலும் அசற்றோனும் பாதிக்குப் பாதி. அமெரிக்காவில் 2007இல் ஒரு பட்டறை இதழ், கறளேற்றிய போல்ட்டுகளில் பல எண்ணெய்களைச் சோதித்தது. எண்ணெயே போடாத போல்ட்டைக் கழற்றத் தேவைப்பட்ட விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தக் கலவைக்குப் போதுமாக இருந்தது என்று அது எழுதியது. சிறிய சோதனை அது. அதை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. கலவை உழைக்கும் என்பது மட்டும் மெய். இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒயிலும் அசற்றோனும் ஒன்றோடொன்று முழுதாகக் கலக்காது. ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசற்றோன் மண்ணெண்ணெயைவிடப் பலமடங்கு வேகமாகத் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக்கையும் பெயின்ற்றையும் கரைக்கும். அடுப்புக்குக் கிட்ட, சிகரெட்டுக்குக் கிட்ட, மூடிய அறைக்குள் அதைத் திறக்கவே வேண்டாம். பிறேக் ஒயிலை ஊற்றி நட் கழற்றும் வழக்கமும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். நம் ஊருக்கு அது ஆகாது.

இனி ஒரு வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம். வேலணையில் ஒரு தோட்டத்தில் நீரிறைக்கும் பம்ப், அடித்தட்டில் நான்கு போல்ட், ஒன்று இறுகிவிட்டது. பலத்தைக் கூட்டி ஸ்பனருக்கு இரும்புக் குழாய் மாட்டித் திருப்பினால் போல்ட்டின் தலை முறிந்து கையில் வரும். அதற்குப் பிறகு துளைபோடவும் புதுப் புரி வெட்டவும் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும். வேலணைக்காரருக்குப் பண்ணைப் பாலம் இருக்கிறது. நெடுந்தீவுக்காரர் கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் போய்விடும். ஆகவே பொறுமையாகச் செய்வோம்.

கம்பித் தூரிகையால் புரியில் தெரியும் கறளை முதலில் தேய்த்து எடுங்கள். எண்ணெய் போகும் வாசல் அதுதான். வாசலை அடைத்துவிட்டு எண்ணெயைக் குறை சொல்ல முடியாது. ஈரத்துணியால் உப்பைத் துடைத்துக் காயவிடுங்கள். ஊடுருவும் எண்ணெயை நட்டின் இரண்டு பக்கமும் விட்டு, சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்டுங்கள். அந்த அதிர்வில் கறள் நுணுக்கமாக வெடித்து எண்ணெய்க்கு வழிவிடும். பிறகு விட்டுவிட்டுப் போங்கள். மாலையில் ஒருதரம், அடுத்த நாள் காலையில் ஒருதரம் மறுபடி விடுங்கள். இந்த வேலையில் எண்ணெயைவிட நேரத்துக்குத்தான் அதிக மதிப்பு.

ஸ்பனரைப் போட்டதும் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் மிகச் சிறிதளவு அசைத்துப் பாருங்கள். கறளின் பிடி ஒருமுறை விட்டால் போதும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று, மறுபடி எண்ணெய். இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் கறள்தூள் புரிக்குள் சேர்ந்து பாதி வழியில் மறுபடி இறுகும்.

அப்படியும் அசையாவிட்டால் சூடு. நட்டை மட்டும் சூடாக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் நட் ஒன்றை 200 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அதன் துவாரம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்கு அளவு விரியும். சொல்லக் கேட்கச் சிறிதாக இருக்கும். கறளின் பிடியை உடைக்க அது போதும். சூடாக இருக்கும்போதே மெழுகுதிரியைப் புரியில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். ஆனால் தெளிப்பான் எண்ணெயோ அசற்றோனோ போட்ட இடத்தில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. சூடாக்குவதென்றால் முதலில் எண்ணெயைத் துடைத்து உலரவிடுங்கள். பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட எக்காரணம் கொண்டும் இந்த முறை வேண்டாம்.

அடுத்தது ஓட்டும் வேலை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி: பொருள் வேகமாக ஓடுகிறதா, பாரத்தோடு மெல்ல ஓடுகிறதா? வேகமும் நுணுக்கமும் உள்ள இடத்துக்கு மெல்லிய எண்ணெய். பாரமும் மெதுவான ஓட்டமும் உள்ள இடத்துக்குத் தடித்த எண்ணெய் அல்லது கிறீஸ்.

தையல் மெசினுக்குத் தையல் மெசின் ஒயில் ஒன்றே போதும். நிறமில்லாத, மணமில்லாத மெல்லிய கனிய எண்ணெய் அது. கையில் இருக்கிறதென்று தேங்காயெண்ணெயை விடாதீர்கள். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். தை மாத விடியலில் மெசின் இறுகியது போலத் தோன்ற அதுவும் ஒரு காரணம். நாட்பட்டால் காறி, புளித்து, பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு ஏற்றும். நல்லெண்ணெய் இன்னொரு விதமான தொல்லை. காற்றுப்பட்டுப் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஏற்கனவே பிசின் கட்டிய மெசினை முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டிக் கழுவி, துடைத்து, பிறகு மெசின் ஒயில் விடுங்கள். கடைசியாகக் கழிவுத் துணி ஒன்றில் சில தையல் ஓட்டினால் மிஞ்சிய எண்ணெய் நல்ல துணியில் கறைபடாது.

சைக்கிள் செயினுக்கு எஸ்.ஏ.இ. 30 ஒயில், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒவ்வொரு துளி. விட்ட பிறகு வெளிப்புறத்தைத் துடைத்து எடுப்பதுதான் பலர் மறக்கும் பாதி வேலை. எண்ணெய் கண்ணிக்கு உள்ளே வேண்டும். வெளியே இருந்தால் நெடுந்தீவின் சுண்ணாம்புத் தூளும் மணலும் அதில் ஒட்டி அரத்தாள் மாதிரித் தேய்க்கும். ரயரிலும் றப்பர் வாசர்களிலும் கனிய எண்ணெய் படவே கூடாது. இயற்கை றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கிணற்றுக் கப்பிக்கு கிறீஸ். ஆனால் அது குடிநீருக்கு மேலே தொங்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். கிறீஸ் என்பது சவர்க்காரத்தில் பிடித்து வைத்த எண்ணெய். கடற்பஞ்சு நீரைத் தாங்குவதுபோல அந்தச் சவர்க்காரம் எண்ணெயைத் தாங்கி நிற்கிறது. எந்தச் சவர்க்காரம் என்பதே இங்கே முக்கியம். சோடியம் சவர்க்காரத்தில் செய்த கிறீஸ் நீரில் கரைந்து போகும். லிதியம் கிறீஸ் நீரைத் தாங்கும். கடல் எஞ்சினுக்கென்று விற்கும் கிறீஸும், கல்சியம் சல்போனேற் வகைக் கிறீஸும் உப்புநீரையே தாங்கும். டின்னில் 2 என்ற இலக்கம் இருந்தால் அது பொதுவான வேலைக்கு ஏற்ற இறுக்கம். கப்பியின் அச்சுக்குள் மட்டும் கொஞ்சமாக வைத்து, வெளியே வழிந்ததைத் துடைத்து எடுங்கள். கிணற்றுக்குள் ஒரு துளிகூட விழக்கூடாது.

போட் எஞ்சினின் சுழலிக் கம்பிக்கும் அந்தக் கடல் கிறீஸ்தான். கீழ்ப்பகுதிக் கியர் ஒயிலை வடிக்கும்போது அதன் நிறத்தைப் பாருங்கள். வெளிறிக் கலங்கியிருந்தால் சீல் பழுதாகி நீர் உள்ளே போகிறது என்று பொருள். அப்போது எவ்வளவு நல்ல ஒயிலை மாற்றினாலும் பயனில்லை. முதலில் சீலை மாற்ற வேண்டும்.

சாப்பாட்டோடு தொடர்புள்ள கருவிகளுக்குத் தனிச் சட்டம். திருவலை, மீன் வெட்டும் கத்தி, பாளை சீவும் கத்தி ஆகியவற்றில் மெசின் ஒயிலோ கிறீஸோ படக்கூடாது. தேங்காயெண்ணெய்க்கு உரிய இடம் இதுதான். கழுவி, காயவைத்து, இரண்டு துளி தேய்த்து வையுங்கள். அடிக்கடி பாவிக்கும் கருவியானதால் காறுவதற்கு நேரம் இருக்காது.

மூன்றாவது வேலை காப்பது. மாரியில் பாவிக்காத மண்வெட்டி, அலவாங்கு, கோடாலி, பெட்டிக்குள் கிடக்கும் ஸ்பனர் செற் ஆகியவற்றுக்கு ஓடாத படலம் வேண்டும். மெல்லிய எண்ணெய் சில வாரங்களில் வழிந்து போகும். கிறீஸைத் துணியில் எடுத்து மெல்லியதாகத் தேய்க்கலாம். மெழுகையும் ஒயிலையும் தணலில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கிக் கலந்தும் பூசலாம். ஆட்டு உரோமக் கொழுப்பான லனோலின் கலந்த பூச்சுகள் கடலோர வேலைக்கு மிக நல்லவை, கிடைத்தால் வாங்குங்கள்.

கடலோடிகளுக்கு இந்த அறிவு புதிதில்லை. இந்துமாக் கடற்கரைகளில் மரத்தோணிக்குச் சுறா எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அமெரிக்காவின் ரஸ்ட்-ஒலியம் பெயின்ற் கம்பெனியும் இதே அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். கறள் பிடித்த கப்பல் தளத்தில் சிந்திய மீனெண்ணெய், கறள் பரவாமல் நிறுத்தியதைக் கவனித்த ரொபர்ட் பெர்குசன் என்ற கப்பல் தலைவர் 1921இல் அதைத் தொடங்கினார். மீனெண்ணெய் காற்றுப்பட்டு உலர்ந்து தோலாகிறது. தையல் மெசினுக்குள் இருக்கக் கூடாத அந்தக் குணமே காப்புப் பூச்சுக்குச் சிறப்பாகிறது. ஒரு வேலைக்குக் குறையாக இருப்பது இன்னொரு வேலைக்கு நிறை.

புதிதாகப் பூட்டும் போல்ட்டுக்கு அன்றைக்கே காப்புப் போடுங்கள். இதற்கென்று இறுகாமல் தடுக்கும் பசை கடைகளில் உண்டு. அலுமினியத்தோடு ஸ்ரெயின்லெஸ் போல்ட் சேரும் இடத்தில் உப்புநீர் பட்டால் மின்கலம் போன்ற ஒரு தாக்கம் தொடங்கி அலுமினியம் அரிக்கப்படும். போட் எஞ்சினில் துத்தநாகக் கட்டி பூட்டியிருப்பது அதற்குத்தான். எஞ்சினுக்குப் பதிலாகத் துத்தநாகம் தேயும். கப்பலின் செப்புத் தகட்டை இந்த வழியில் காக்கலாம் என்று ஹம்ப்ரி டேவி 1824இலேயே காட்டினார். அந்தக் கட்டிக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள். பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு கலந்த பசை வேண்டாம். நிக்கல் அல்லது துத்தநாகம் கலந்ததைக் கேளுங்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியத் தகடுகளின் சட்டங்கள் அலுமினியம். பூட்டுகள் பெரும்பாலும் ஸ்ரெயின்லெஸ். நம் பிள்ளைகள் இந்தப் பராமரிப்பைப் படித்து வைத்திருந்தால் வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டி வராது.

தட்டுப்பாடு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் துளித் துளியாக எரிந்த போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது கடற்றொழிலாளர் பட்ட பாட்டை நீங்களே கண்டீர்கள். கிடைத்த எண்ணெயைக் கிடைத்த இடத்துக்கு விட்டுச் சமாளித்த அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் அது இல்லாமைக் காலத்து வழி. இன்று நாலு வகை எண்ணெயும் கடையில் இருக்கும்போது தெரிந்தெடுத்துப் பாவிப்பதுதான் சிக்கனம். பழுதாகி வாங்கும் ஒரு புதிய எஞ்சினின் விலையில், ஆயுள் முழுவதற்கும் போதுமான எண்ணெய் வாங்கலாம்.

கடைசியாக, எனக்கு மிக நெருக்கமான விடயம். வடித்த பழைய ஒயிலை என்ன செய்கிறோம்? வேலிக்கட்டைக்குப் பூசுகிறோம், கறையானுக்கு ஊற்றுகிறோம், மிஞ்சினால் காணி மூலையில் கொட்டுகிறோம். பழைய ஒயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத்தூளும் எரிபொருள் கழிவும் அமிலமும் சேர்ந்திருக்கும். அதைக் கருவிக்குப் பூசினால் காப்பதற்குப் பதில் அரிக்கும், கைத்தோலுக்கும் கேடு. மண்ணில் ஊற்றினால் அதைவிடக் கேடு. நம் காலடியில் சுண்ணாம்புக்கல். துளையும் வெடிப்பும் நிறைந்த அந்தக் கல், மேலே விழுந்ததைக் கீழே கொண்டுபோய்விடும். தீவுகளில் நன்னீர், கடல்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. அதைத் தவிர நிலத்தடியில் வேறு கையிருப்பு இல்லை. ஒருமுறை மாற்றி எடுக்கும் எஞ்சின் ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது.

இது தூரத்துக் கதையில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வலிகாமத்து மக்கள் தங்கள் முற்றத்துக் கிணற்றை வைத்துக்கொண்டு பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பணம் கட்டலாம். சுண்ணாம்புக்கல்லுக்குள் போன எண்ணெயை யார் திருப்பி எடுப்பது? கருவியைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்று தொடங்கினேன். அந்தத் தண்ணீரைக் கெடுத்துவிட்டால் நான் இவ்வளவு நேரம் சொன்னதில் எதுவுமே செய்ய முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டு.

வீட்டுக்கு வீடு ஒரு சிறு பெட்டி வையுங்கள். ஊடுருவும் எண்ணெய் ஒரு டின், தையல் மெசின் ஒயில் ஒரு போத்தல், புதிய எஞ்சின் ஒயில் கால் லீற்றர், நீரைத் தாங்கும் கிறீஸ் ஒரு டப்பா, ஒரு கம்பித் தூரிகை, சில பழந்துணிகள். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காமல் விரித்துக் காயவிடுங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்; மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். சோளகம் தொடங்குமுன் ஒருதரம், மாரி முடிந்ததும் ஒருதரம், எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்துக் கழுவி, காயவிட்டு, பூசி வையுங்கள்.

இரண்டாவது, இந்தச் சனசமூக நிலையத்துக்கும் சங்கங்களுக்கும். துறைமுகத்தடியில் மூடியுள்ள ஒரு பரலை வைத்து, ஊரின் பழைய ஒயில் முழுவதையும் அதில் சேருங்கள். நிறைந்ததும் அதை முறையாகப் பொறுப்பேற்பவர்களிடம் அனுப்புங்கள். பிரதேச சபையிடம் இதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள். எழுதுவதற்கு என் உதவி தேவையென்றால் இன்றைக்கே இருந்து எழுதித் தருகிறேன். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.